தரையில் உட்கார்ந்தால் ஆழம் போய்விடுகிறது: பழைய 3டி டிவியோடு என் அனுபவம்

மன்னார்குடியிலிருந்து நண்பர் கேட்டிருக்கிறார். தெரிந்தவர் வீட்டில் 42 அங்குல பழைய 3டி டிவி ஒன்று விலைக்கு வருகிறதாம், கண்ணாடிகளோடு சேர்த்தே தருகிறார்களாம், எடுக்கலாமா என்று. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் இருப்பதும் அதே அளவு, அதே வகை. சமீபத்தில்தான் பேக்லைட் எல்இடி பட்டைகளை மாற்றிக் கூடத்துச் சுவரில் மறுபடி மாட்டினோம். மாட்டியவர் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று முன்பிருந்ததைவிட ஒரு சாண் உயர்த்தி மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

சாதாரணப் படம் இன்றைக்கும் நன்றாகத் தெரிகிறது, சத்தம் சுமார். அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை. 3டி பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என் தீராத குறை இதுதான்: இந்த டிவி நம்மைத் தரையில் உட்கார விடாது. சாய்வு நாற்காலியில் இருக்கும் அப்பாவுக்குப் படம் உள்ளே உள்ளே விரிந்துகொண்டு போகிறது. அதே நேரத்தில் தூணில் சாய்ந்து தரையில் இருக்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு உருவமும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. முதலில் திரையின் மேல் பக்கத்தில் ஆரம்பிக்கும். கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் கீழேயும் பரவும். குழந்தைகள் டிவிக்குக் கிட்டத்தில்தான் போய் உட்காருவார்கள், அவர்களுக்கு மொத்தப் படமும் குழப்பம். வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கத்தானே டிவி?

காரணத்தைப் புரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். திரையில் ஆழம் என்று ஒன்றும் கிடையாது, அது தட்டைதான். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் இடது கண்ணில் விழும் படமும் வலது கண்ணில் விழும் படமும் இம்மி மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்து எது கிட்டே, எது எட்டே என்று மூளை முடிவு செய்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் இதை 1838இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் காட்டிவிட்டார். புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த வருடம்தான். ஆக அவர் கையில் இருந்தவை கோட்டுப் படங்களும் இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகளும். நிழலும் இல்லை, வண்ணமும் இல்லை. இரண்டு படங்களுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் ஒன்றை வைத்தே கனசதுரத்தை எழுந்து நிற்க வைத்தார். எனக்கு அது இன்றைக்கும் பிரமிப்புதான்.

ஆக, 3டி டிவிக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று: இடது கண்ணுக்கு உரியது இடது கண்ணுக்கு மட்டும், வலது கண்ணுக்கு உரியது வலது கண்ணுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும். இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று பேட்டரி போட்ட ஷட்டர் கண்ணாடி. டிவி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும்; கண்ணாடி அதே வேகத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறக்கும். படத்தின் முழுத் துல்லியமும் கிடைக்கும். ஆனால் பழைய சோக் வைத்த டியூப் லைட் எரிகிற அறையில் அதைப் போட்டுப் பாருங்கள், சுவரே படபடக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவது கண்ணாடியின் வேகத்தோடு ஒத்துப்போவதில்லை.

அதனால்தான் இரண்டாவது வகையை எடுத்தேன். பேட்டரி இல்லாத, தியேட்டரில் தருவது போன்ற லேசான போலரைஸ்டு கண்ணாடி. இதில் திரையின் முன்னால் ஒரு மெல்லிய ஃபிலிம் ஒட்டியிருக்கும். திரையில் படம் குறுக்காக ஓடும் மெல்லிய வரிகளால் ஆனது; ஒரு வரியின் ஒளியை அந்த ஃபிலிம் ஒரு பக்கமாகவும், அடுத்த வரியின் ஒளியை எதிர்ப் பக்கமாகவும் சுழற்றி அனுப்பும். இடது கண்ணாடி ஒரு சுழற்சியை மட்டும் விடும், வலது கண்ணாடி மற்றதை. 1080 வரிகளில் ஒரு கண்ணுக்கு 540 வரிதான் கிடைக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் அந்த ஃபிலிம் உட்கார்ந்திருக்கும் இடத்தில். 42 அங்குலத் திரையில் ஒரு வரியின் உயரம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வரிகளுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே பேனலின் கண்ணாடி இருக்கிறது. இரண்டு மூங்கில் தட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டு நேரே பார்த்தால் இடுக்குகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும், குனிந்து பார்த்தால் விலகிப்போகும் இல்லையா, அதேதான். கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும்போது ஒரு வரியின் ஒளி பக்கத்து வரிக்கு உரிய பட்டை வழியாக வந்துவிடுகிறது. இடது கண்ணுக்கான படம் வலது கண்ணிலும் கசிகிறது. திரையின் மேல் விளிம்பைத்தான் அதிகம் அண்ணாந்து பார்க்கிறோம், அதனால் அங்கேதான் முதலில் இரட்டை உருவம் வருகிறது. இடம் வலமாக எவ்வளவு நகர்ந்தாலும் பிரச்சினை இல்லை. பட்டைகள் குறுக்காக ஓடுவதால், ஏறினாலோ இறங்கினாலோதான் வம்பு.

பிராக்கெட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அம்மாவுக்குச் சரியாகிறது, அப்பாவுக்குக் கெடுகிறது. கடையில் காட்டியபோது திரை கண் மட்டத்தில் இருந்தது, எல்லாரும் நின்றுகொண்டு பார்த்தோம். வீட்டில் எந்த மட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. பாயும் பலகையும் உள்ள வீடுகளுக்கு இதை விற்கும்போது கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

ஒருக்களித்துப் படுத்தும் பார்க்க முடியாது. கண்ணாடி தன் வேலையைச் செய்யும். ஆனால் கண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்க, படங்களின் விலகலோ இடம் வலமாக இருக்கிறது. மூளையால் சேர்க்க முடியாமல் தலைவலிதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே தீர்வு முற்றத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவது. தள்ளிப் போனால் அண்ணாந்து பார்க்கும் கோணம் குறைகிறது, தரையில் இருப்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் படம் சேர்கிறது. அங்கே போனபிறகுதான் இன்னொன்றும் கவனித்தேன்: தூரம் கூடினால் ஆழமும் கூடுகிறது. திரையில் இரண்டு படங்களும் 1 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டரில் இருந்து பார்த்தால் அந்தப் பொருள் திரைக்குப் பின்னால் 38 சென்டிமீட்டரில் நிற்கும். 4 மீட்டருக்குப் போனால் 75 சென்டிமீட்டர். திரை சின்னதாகிறது, உள்ளே உள்ள இடம் நீள்கிறது. மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் கொட்டும்போது இந்த ஏற்பாடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு திட்டியும் இந்த டிவியை நான் ஏன் பழுது பார்த்தேன்? தாராசுரம் கோயில் சிற்பங்களுக்காக.

3டி படங்கள் வருவது குறைந்தபிறகு, நானே ஃபோட்டோ எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. தனி கேமரா வேண்டாம், ஃபோன் போதும். இடது காலில் எடையைப் போட்டு ஒரு படம், வலது காலுக்கு மாற்றி இன்னொரு படம். கிட்டத்தில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும் என்பது பழைய கணக்கு. 1 மீட்டரில் உள்ள சிற்பத்துக்கு 3 சென்டிமீட்டர். பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டி, பென் டிரைவில் போட்டு, ரிமோட்டில் 3டி பொத்தானை அழுத்தினால் ஆயிற்று.

தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபச் சக்கரமும் குதிரையும் என் கூடத்துச் சுவருக்குள் எழுந்து நின்ற சாயங்காலத்தை மறக்க முடியாது. ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் அந்தச் சிற்பத்தைச் சாதாரண ஃபோட்டோவில் பார்த்தால் புதிர் மட்டும்தான் தெரியும். இங்கே சிற்பி கல்லை எங்கே எவ்வளவு விட்டு வைத்தார், எங்கே ஆழமாக எடுத்தார் என்று மேடு பள்ளம் தெரிகிறது. நாயன்மார் கதைகளைச் சொல்லும் குட்டிக் குட்டிப் புடைப்புகள் அதைவிட அருமை. விரல் அளவு ஆழத்தில் ஒருவர் முன்னால் நிற்கிறார், ஒருவர் பின்னால் நிற்கிறார். கோயிலுக்குப் பல தடவை போனவர்கள்கூட இதைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

ரிமோட்டில் இடது வலது மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் மேடு பள்ளமாகும். சக்கரத்தின் ஆரங்கள் கல்லுக்குள் குடைந்தவை போல ஆகிவிடும். முகங்கள் மட்டும் லேசில் உள்வாங்காது. முகம் என்றால் வெளியேதான் புடைத்திருக்கும் என்று மூளைக்கு அவ்வளவு உறுதி, கண் சொல்வதையே அது ஒதுக்கிவிடுகிறது.

கல் படிகிறது, காவிரி படியவில்லை. ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் எடுத்தவை எல்லாம் வீண். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே தண்ணீரின் பளபளப்பு இடம் மாறிவிடும். ஒரு கண்ணில் இருக்கும் மினுக்கம் இன்னொரு கண்ணில் இருக்காது. ஆற்றைப் பார்த்தால் கண் கூசுகிறது. காற்றில் ஆடும் வாழை இலையும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர் வீட்டுக்காரருக்குச் சிறு வயதிலிருந்தே மாறுகண். கண்ணாடி போட்டுப் பார்த்தார், எதுவும் எழுந்து நிற்கவில்லை. அவர் டிராக்டர் ஓட்டி வரப்பை உரசாமல் திருப்புகிறவர். எது எதை மறைக்கிறது, எது சிறுத்துத் தெரிகிறது, நாம் நகரும்போது எது வேகமாகப் பின்னால் ஓடுகிறது என்பதை வைத்து ஒரு கண்ணாலேயே தூரத்தை அறியலாம். தஞ்சாவூர் ரயிலின் ஜன்னலில் கிட்டத்துக் கம்பங்கள் பறக்க, தொலைவில் உள்ள தென்னந்தோப்பு கூடவே வருகிறதே, அந்த அறிவு அவருக்கு நம்மைப் போலவே உண்டு. இந்த டிவியால் அவருக்குப் பயன் இல்லை, அவ்வளவுதான்.

2010இல் ஆரவாரமாக வந்த இந்த டிவிகளை 2017இல் கடைசியாக இருந்த பெரிய கம்பெனிகளும் கைவிட்டுவிட்டன. பேக்லைட் போனால் மாற்றலாம், போர்டு போனாலும் ஏதாவது செய்யலாம். பேனலும் ஃபிலிமும் போனால் இனிக் கிடைப்பது கஷ்டம்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், டிவி பார்க்கிறவர்கள். கூடமும் நீளமில்லை. அந்தப் பணத்துக்குப் புது டிவி ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிடலாம். வாங்காதீர்கள்.

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் மட்டும் எனக்கு உடனே ஃபோன் செய்யுங்கள், வேறு யாரிடமும் போய்விடக் கூடாது. பேனல் கீறல் இல்லாமல் இருந்தால் வண்டி வைத்து நானே எடுத்துக்கொள்கிறேன். திருபுவனம் கோயிலில் இன்னும் நான் ஃபோட்டோ எடுக்காத தூண்கள் நிறைய இருக்கின்றன.