மன்னார்குடியில் ஒரு ஞாயிறு வகுப்பு: செய்தித்தாளில் வரும் 'ஃபேட்'

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் நெல் சாகுபடி. மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். மன்னார்குடியில் ஹரித்ரா நதி தெப்பக்குளத்துக்கு அருகே, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கக் கற்றுத் தருகிறார். மகளைக் கொண்டுவிடப் போன நானும் மூன்றாம் வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாதம் 400 ரூபாய். கொடுக்கலாம்.

'ஃபேட்' (fate) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நடந்த வகுப்பு ஒன்றைச் சொன்னாலே போதும்.

2024-இல், குறுவை நெல்லுக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்தும் மேட்டூர் அணை திறக்கவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் குறுவையைப் பற்றிய செய்திகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். 'ஃபேட் ஹேங்ஸ் இன் த பேலன்ஸ்' என்று கண்ணில் படும். அகராதியில் ஃபேட் என்றால் விதி. விதியென்றே போட்டுவிட்டார்கள், இனிக் குறுவை இல்லை என்று நானே முடிவுகட்டி மனம் நொந்தேன்.

அந்த வகுப்புக்கு ஆசிரியர் ஒரு பழைய கைத்தராசோடு வந்தார்; 'பேலன்ஸ்' என்றால் தராசு. ஒரு தட்டில் எடைக்கல், மறுதட்டில் இரண்டு கைப்பிடி நெல். தூக்கிப் பிடித்ததும் தட்டுகள் ஏறி இறங்கி ஆடின. "நீங்களே சொல்லுங்கள், முள் நின்றதா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அவ்வளவுதான். எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை என்கிறார் நிருபர். தலையெழுத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை." நம் தமிழ்ச் செய்தித்தாள்கள் 'ஊசலாடுகிறது' என்று எழுதுவதும் இதைத்தான்.

அடுத்தது 'சீல்டு'. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், வேட்பாளர்களின் 'ஃபேட்' சீல் வைக்கப்பட்டதாக நம் நாட்டு ஆங்கிலத் தாள்கள் எழுதும். முடிவு இயந்திரத்துக்குள் இருக்கிறது, எண்ணினால் தெரியும். ஜெயிக்கப்போகிறவருக்கும் அதே சொல்தான். ஆனால் கடைசி நிமிடக் கோல் ஒன்று ஓர் அணியின் 'ஃபேட்'டுக்கு சீல் வைத்தது என்று விளையாட்டுப் பக்கத்தில் வந்தால், அந்த அணிக்குத் தோல்வி உறுதி. மாதிரித் தேர்வில் மகள் தவறியது இந்த இடத்தில்தான்.

கடலுக்குப் போன மீனவர்கள் கரை திரும்பாதபோது 'ஃபேட் அன்நோன்' என்பார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை என்று பொருள். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

பழைய கிரேக்கக் கதையில் வரும் டமோக்ளிஸ் என்பவன் தலைக்கு மேல் குதிரை மயிரில் வாள் தொங்கியதையும் ஆசிரியர் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது.

குறை அவர் தரும் ஜெராக்ஸ் தாளில் இருக்கிறது. வாயால் இவ்வளவு அழகாக விளக்குகிறவர், தாளில் 'விதி தராசில் தொங்குகிறது', 'விதி முத்திரையிடப்பட்டது' என்று சொல்லுக்குச் சொல் போட்டு வைத்திருக்கிறார். வகுப்புக்கு வராமல் அந்தத் தாளை மட்டும் வாங்கிப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைப் போலவே அவர்களும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். இரண்டு முறை சொல்லிவிட்டேன்; மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் மாற்றவில்லை.

மாடியில் மின்விசிறி ஒன்றுதான். கோடையில் சீக்கிரம் போய் இடம் பிடியுங்கள். அன்றைய ஆங்கிலச் செய்தித்தாளைக் கையோடு கொண்டுபோங்கள், அதை வாங்கி அதிலிருந்தே பாடம் எடுக்கிறார்.