தூரித் துணிக்கு எத்தனை ஜிஎஸ்எம்? ஆறு வருடம் படுத்துப் பார்த்த அனுபவம்

எங்கள் பக்கம் ஊஞ்சலுக்குத் தூரி என்றுதான் பேர். ஆடி நோம்பிக்கு வேப்பமரத்தில் தூரி கட்டி ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் வெளியூர்களில் முகாம் போகும்போது மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற ஹேமக்கும் எங்கள் வீட்டில் தூரிதான். ஆறு வருடத்தில் மூன்று துணிகளில் நானே தைத்துப் படுத்திருக்கிறேன். கொல்லிமலையில் தெரிந்தவர் காபித் தோட்டம், ஏற்காடு, உடுமலைப் பக்கம் நண்பர் தோப்பு, காங்கேயத்தில் எங்கள் சொந்தக் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) என்று இரவுகள் கழிந்திருக்கின்றன. என் எடை 79 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. எனக்குச் சுகமாக இருக்கிற துணி உங்களுக்கும் சுகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் எடை போடுவதைப் பற்றி. திருப்பூரில் துணி வேலை பார்க்கிறவர்களுக்கு ஜிஎஸ்எம் கட்டர் தெரியாமல் இருக்காது. 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டும். அதன் கிராம் எடையை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை, அதுதான் ஜிஎஸ்எம். கட்டர் இல்லாதவர்கள் 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி நகைத் தராசில் போட்டாலே போதும். வெளிநாட்டுக் குறிப்புகளில் அவுன்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு சதுர கஜத்துக்கு ஒரு அவுன்ஸ் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். கடையில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். ஒரு கடையில் 70 என்று சொல்லித் தந்த துணியை வீட்டில் வெட்டி வைத்தேன், தராசு 0.48 காட்டியது. அதாவது 48 ஜிஎஸ்எம். அந்தத் துணியில்தான் என் இரண்டாவது தூரி.

முதல் தூரி கைத்தறிப் பருத்திப் போர்வைத் துணி. 210 ஜிஎஸ்எம். பதினொரு அடி நீளத் தூரிக்கு மடிப்பெல்லாம் சேர்த்து 3.6 மீட்டர் வெட்டினால், 58 அங்குல அகலத்தில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். படுக்க அருமையான துணி. உடம்பைத் தாங்கிப் பிடிக்கும், வெயில் காலத்தில் முதுகு வியர்க்காது, எத்தனை தடவை படுத்தாலும் தொங்கிப் போகாது. ஆனால் ஏற்காட்டில் ஒரு ராத்திரி பனி இறங்கியதும் துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துவிட்டது. காலையில் சுருட்டிப் பைக்குள் வைக்க முடியவில்லை, மதியம் வரைக்கும் காயவும் இல்லை. இப்போது அது தோட்டத்து வீட்டிலேயே கிடக்கிறது, மதியத் தூக்கத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொன்னார்: "தொட்டிலுக்குப் புதுத்துணி ஆகாது கண்ணு. கட்டிக் கட்டித் தேஞ்ச சேலைதான் மெத்துனு இருக்கும்." பருத்திக்கு அது அப்படியே உண்மை. ஒரு வருடம் துவைத்த பிறகுதான் அது தோளுக்கு வளைந்து கொடுக்க ஆரம்பித்தது.

அந்த 48 ஜிஎஸ்எம் நைலான், கையில் எடுத்தால் காற்று மாதிரி இருந்தது. மொத்தமே 250 கிராம். அறுந்துவிடுமோ என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். அறுந்து போகவே இல்லை. சிக்கல் துணி இழுபடுவதில். முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால், நடு ராத்திரியில் இடுப்பு தரையிலிருந்து ஒரு சாண்தான் இருக்கும். பக்கவாட்டில் துணி தோளை உள்ளே நெருக்கும். குறுக்குவாட்டில் சாய்ந்து படுத்தால்தான் முதுகு சமமாகும். அப்படிப் படுத்தாலும் முழங்காலுக்குக் கீழே கயிறு போல ஒரு வரி எழும்பி ஆடுசதையை அழுத்தியது. புரண்டால் ரப்பர் போல எம்பும். கொசு அடியிலிருந்து துணி வழியாகவே கடித்தது. தொங்குகிறதே என்று நான் தூரியை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையை இழுத்து இறுக்கிக் கட்டினேன். அது தவறு. பட்டை 30 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் விழுகிற இழுவை நம் எடை அளவுதான். 15 டிகிரிக்கு இறுக்கினால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. துணி இன்னும் இழுபட்டு, இன்னும் குறுகும். சாய்வு பார்க்கக் கருவி வேண்டாம்: 'ட' எழுத்து போல ஆட்காட்டி விரலைப் படுக்கையாகவும் கட்டை விரலை நேராகவும் நீட்டுங்கள். இரண்டு நுனிகளையும் சேர்க்கிற கோட்டில் பட்டை ஓடினால் ஏறக்குறைய 30.

மூன்றாவது துணி 66 ஜிஎஸ்எம் நைலான், கட்டம் போட்ட ரிப்ஸ்டாப், அதாவது கிழிசல் பரவாமல் தடுக்கிற நெசவு. நான்கு வருடமாக இதில்தான் படுக்கிறேன். பழையதைவிட 100 கிராமுக்குக் கீழேதான் கூடுதல். ஆனால் உடம்புக்கு அது வேறு படுக்கை. இடுப்பு நான்கு விரல் இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. தோள் நெருக்கம் பாதிக்கு மேல் போய்விட்டது. வாங்கும்போது நான் செய்த ஒரே பரிசோதனை, துணியில் வாய் வைத்து ஊதிப் பார்த்தது. மூச்சு மறுபக்கம் கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது ரெயின்கோட்டுக்குப் பூச்சு பூசிய துணி. நம் ஊர் சித்திரை மாதத்தில் அதில் படுத்தால் முதுகு ஊறிவிடும். குறை என்று பார்த்தால், மழைச் சாரல் பட்டால் நைலான் ஈரத்தில் இன்னும் இரண்டு விரல் இறங்கும். பாலியஸ்டர் அப்படி இறங்காது, ஆனால் கொஞ்சம் விறைப்பு. அப்புறம் கொறங்காட்டில் வெள்வேல மரத்தடியில் விரித்து வைத்தபோது முள் ஏறி ஒரு துளை விழுந்தது. ரிப்ஸ்டாப் கட்டம் அதைப் பெருகவிடவில்லை. இன்றைக்கும் பயறு அளவில்தான் இருக்கிறது. பகலில் கட்டியே விட்டுவிடாதீர்கள், வெயில் நைலானைத் தின்னும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். துணி எடையைக் கூட்டினால் குளிர் குறையாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைத் தோப்புக்குள் வீசும்போது 66 ஜிஎஸ்எம்முக்கும் 48-க்கும் வித்தியாசமே தெரியாது, முதுகு சில்லிட்டுப் போகும். அதற்கு அடியில் ஃபோம் பாய்தான். ஒற்றைத் துணியில் பாய் வழுக்கி வழுக்கிப் போகும். மார்கழியில் கொல்லிமலைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் 45, 50 ஜிஎஸ்எம் துணி இரண்டை ஒன்றாக வைத்துத் தைத்து, நடுவில் பாயைச் செருகுங்கள். எடை அரைக் கிலோ வரும், ஆனால் இழுவை இரண்டு துணிக்கும் பங்காகிவிடும், கொசுவும் கடிக்காது. நூறு கிலோவை ஒட்டியவர்களுக்கு எந்தப் பருவத்திலும் நான் இதையே சொல்வேன்.

தையலில் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கவாட்டில் இரட்டை மடிப்பு, இரு முனையிலும் பாவாடைக்கு நாடா நுழைக்கிற மாதிரி ஒரு மடிப்பு, பாலியஸ்டர் நூல், 11-ஆம் நம்பர் ஊசி. தடித்த ஊசி போட்டால் மெல்லிய துணி சுருங்கும். தூரியின் இரு முனைக்கும் நடுவே 9 அடி 1 அங்குலத்தில் ஒரு மெல்லிய கயிறு கட்டிவிட்டேன், அதாவது நீளத்தில் 83 சதவீதம். எங்கே கட்டினாலும் ஒரே தொய்வு கிடைக்கிறது.

தென்னந்தோப்பில் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: மரத்துக்கு மரம் 25 அடி இருக்கும். அந்தத் தூரத்தில் 30 டிகிரி வைத்தால் பட்டையைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டிவரும். அதைவிட முக்கியம், மேலிருந்து காயும் மட்டையும் விழும். வரப்போரம் 13, 14 அடி இடைவெளியில் இரண்டு வேம்பு கிடைத்தால் அங்கே கட்டுங்கள்.

அந்த 48 ஜிஎஸ்எம் துணியை நான் வீசவில்லை. போன வருடம் எட்டு அடிக்கு வெட்டி மகளுக்குத் தைத்துக் கொடுத்தேன். அவள் 31 கிலோ. அவள் படுத்தால் துணி மூன்று விரல்கூட இறங்குவதில்லை, முழங்காலுக்குக் கீழே வரியும் இல்லை. விடியும்வரை புரளாமல் தூங்குகிறாள்.