"நாய்க்குப் பாதுகாப்பான உப்பு" என்று விற்ற வெள்ளை வாளி

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் நாய் வளர்க்கும் எங்கட ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. வாசற்படி ஐஸை உருக்கப் போடும் உப்பை, லேபல் இல்லாத வெள்ளை வாளியில், "நாய்க்கு ஒண்டும் செய்யாத உப்பு" என்று யாராவது வீட்டுக்குக் கொண்டுவந்தால் வாங்காதேங்கோ. நான் வாங்கினேன். என் ஜிம்மி மூன்று கிழமை நொண்டினான்.

ஜனவரியில் உறைமழை பெய்து வாசற்படி முழுக்க ஐஸ் படிந்துவிட்டது. தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒரு தம்பி 20 கிலோ வாளியை 48 டொலருக்குக் கொண்டுவந்து இறக்கினார். "அக்கா, இது யூரியா. மற்ற உப்பு மாதிரிக் காலை எரிக்காது. மைனஸ் 25இலயும் உருக்கும்." அன்பாகக் கதைத்தார். நம்பிக் காசைக் கொடுத்தேன்.

உருக்கியது உண்மை. போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே படி ஈரமாகி, எண்ணெய் பூசியதுபோல வழுக்கியது. நாலாம் நாள் ஜிம்மி படியிறங்கி இரண்டடி வைத்ததும் முன்வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். உள்ளே வந்து விடாமல் நக்கினான். விளக்கடியில் வைத்து விரல்களை விரித்துப் பார்த்தேன். கறுப்பாய்ச் சொரசொரவென்று இருக்கவேண்டிய பாதத்தின் ஓரம் வெளிறித் தோல் உரிந்திருந்தது. விரலிடுக்கு பச்சைப் புண்ணாய்ச் சிவந்திருந்தது. இடுக்கு மயிரில் ஸ்னோ உருண்டையாய்க் கட்டியிருந்தது, அதற்குள் ஒரு வெள்ளை மணி கரையாமல் கிடந்தது.

மிருக வைத்தியர் இரசாயன எரிகாயம் என்றார். என்ன உப்பு போடுகிறீர்கள் என்று கேட்டார். யூரியா என்றேன். −5 பாகைக்குக் கீழே யூரியா பெரிதாக வேலை செய்யாதே என்று யோசித்துவிட்டு, "தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். யூரியா என்றால் குளிரும், கல்சியம் குளோரைட் என்றால் சுடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து எவர்சில்வர் தம்ளரில் அரைவாசி தண்ணீர் எடுத்து, அந்த மணிகளில் இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கலக்கினேன். ஒரு நிமிஷத்தில் தம்ளரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணை தோட்டத்துக்கு வைத்திருந்த யூரியாவை வாங்கி அதேபோலக் கரைத்தேன். தம்ளர் சில்லென்று குளிர்ந்து வெளிப்பக்கம் வியர்த்தது. வாளியில் இருந்தது யூரியா இல்லை. நான் நாலு நாளாக ஜிம்மி நடக்கிற படியில் என்னத்தைக் கொட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அழுதுவிட்டேன்.

தம்பிக்குப் போன் பண்ணினேன். முதலில் "நாய் நக்கினதால வந்த புண்" என்றார். தம்ளர் விஷயத்தைச் சொன்னதும் "வாளி திறந்தாச்சு அக்கா, திருப்பி எடுக்கமாட்டம்" என்றார். பிறகு போன் எடுக்கவே இல்லை. இதே வாளி எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்பதுதான் என் கவலை.

கடையில் வாங்கினாலும், உப்புச் சாக்கில் நாய்ப் படம் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதேங்கோ. பின்பக்கம் திருப்பி, உள்ளே என்ன இரசாயனம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கோ. நான் இப்போது படிக்குக் கரடுமுரடான மணல்தான் போடுகிறேன். அது ஐஸை உருக்காது, ஆனால் கால் வழுக்காமல் பிடிக்கும்.

எங்கட படியில் போடாவிட்டாலும் தெருவெல்லாம் உப்புத்தான். அதனால் வாசலில் ஒரு பேசின் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் நாலு காலையும் முக்கி, விரலிடுக்கு வரை துடைக்கிறேன். ஈரத்தோடு விட்டாலும் பாதம் வெடிக்கும். அவன் நக்குவதற்கு முன் கழுவவேண்டும், உப்பு வயிற்றுக்குள் போகக்கூடாது. இடுக்கு மயிரைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிட்டால் ஸ்னோ உருண்டை கட்டுவது நன்றாகக் குறைகிறது.

சப்பாத்தும் போடுகிறேன். "நாய்க்கு எதுக்குச் சப்பாத்து" என்று அம்மா கேட்டார். அலாஸ்காவில் இடிடரோட் என்ற நாய்ச்சறுக்குவண்டி ஓட்டத்தில் 1,600 கிலோமீற்றர் அளவு ஓடுகிற நாய்களுக்கே, ஒன்றுக்கு எட்டுத் துணிச் சப்பாத்து வைத்திருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கட பக்கத்து ரூஜ் பூங்காப் பாதையில் உறைந்த சேறு கத்தி மாதிரி நிற்கும், அங்கே சப்பாத்து இல்லாமல் கூட்டிப்போகவே மாட்டேன். பட்டியை இறுக்கிக் கட்டாதேங்கோ, வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கோ. இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் வீங்கும்.

வீட்டில் அப்படியொரு வெள்ளை வாளி இருந்தால் இன்றைக்கே ஒரு தம்ளரில் கரைத்துப் பாருங்கோ. சுட்டால், மூடியை இறுக்கி மூடி, நாய் போகாத இடத்தில் வையுங்கோ. படியில் ஏற்கெனவே போட்டிருந்தால் முழுவதையும் கூட்டி அள்ளுங்கோ.