மேக் மினி: உள்ளே 512 ஜிபியா, வெளியே 1 டிபியா?

ஆப்பிளின் சின்ன மேசைக் கணினியான எம்4 மேக் மினி 2024 இறுதியில் வந்தபோது, அதன் இந்திய விலை 256 ஜிபி சேமிப்பகத்துக்கு ரூ.59,900, 512 ஜிபிக்கு ரூ.79,900 என்று இருந்தது. இரண்டிலும் சிப் ஒன்றுதான், ரேமும் அதே 16 ஜிபிதான். ஆக, 256 ஜிபி கூடுதல் இடத்துக்கு மட்டும் 20,000 ரூபாய். அந்தச் சமயத்தில் பெயர்பெற்ற நிறுவனத்தின் 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) வெளி எஸ்எஸ்டியே, அதாவது கேபிளில் செருகும் தனிச் சேமிப்பகமே, பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. நான் 256 ஜிபியை வாங்கி, பின்பக்கமுள்ள தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புத் துளையில் ஓர் எஸ்எஸ்டியைச் செருகிக்கொண்டேன். இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

வேகத்தில் உள் சேமிப்பகம்தான் முந்தும். அது நொடிக்கு 2,000 எம்பிக்கு மேல் படிக்கும், சாதாரண வெளி எஸ்எஸ்டி 1,000-த்தை ஒட்டி நின்றுவிடும். புகைப்படம், ஆவணம், பாட்டு என்று புழங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பல அடுக்கு 4கே வீடியோவைத் தினமும் வெட்டி ஒட்டும் அனுபவம் எனக்குக் கிடையாது. அப்படி வெட்டுகிறவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

விலை நியாயமா என்றால், எனக்குப் படவில்லை. சேமிப்பகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எம்4 சிப்புக்குள்ளேயே இருக்கிறது. கூடுதலாகத் தருவது ஃபிளாஷ் நினைவகம் மட்டும்தான். வெளி எஸ்எஸ்டியிலோ கன்ட்ரோலர், உறை, கேபிள் எல்லாம் சேர்த்தே அந்த விலை. 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் எஸ்எஸ்டி விலை ஏறி, இடைவெளி சுருங்கியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது விலை அல்ல, இயந்திரம் கைவிட்டுப் போகும் நாள். உள் சேமிப்பகத்தில் உள்ளதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதற்கான சாவி அந்தச் சிப்பிலேயே இருக்கும். மதர்போர்டு போனால் தரவும் போனதுதான், கழற்றி வேறொன்றில் போட்டுப் படிக்க முடியாது. எனவே 512 ஜிபி வாங்கியவரும் டைம் மெஷின் (மேக்கிலேயே உள்ள நகலெடுக்கும் வசதி) காப்புக்காக ஒரு வெளி டிஸ்க் வாங்கியே தீர வேண்டும். விற்கும்போது, பழைய இயந்திரம் வாங்குகிறவர் சிப்பையும் வாரன்டியையும் பார்ப்பாரே தவிர, கூடுதல் இடத்துக்காக இன்னொரு 20,000 எடுத்துவைக்க மாட்டார். எஸ்எஸ்டியையோ உருவி அடுத்த இயந்திரத்தில் செருகிக்கொள்ளலாம். எஸ்எஸ்டியில் உள்ளதற்கும் இன்னொரு நகல் வேண்டும், அது தனிச் செலவு.

தொல்லை இல்லாமல் இல்லை. போட்டோஸ் நூலகத்தை வெளியே வைக்க டிஸ்க்கை ஏபிஎஃப்எஸ் போன்ற மேக்குக்குரிய முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும், விண்டோஸிலும் ஓடும் எக்ஸ்ஃபேட் முறை உதவாது. ஐபோனைக் கணினியில் காப்பு எடுத்தால் அது நேராக உள் டிஸ்க்கில்தான் போய் உட்காரும். அதை வெளியே திருப்ப டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் செயலி) ஒரு சிம்பாலிக் லிங்க், அதாவது வேறிடத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பு, போட வேண்டியிருக்கிறது. கணினியோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லாதவர் 512-க்கே போகட்டும்.

மேக்புக் ஏர் என்றால் நானும் அப்படித்தான் போவேன். மடியில் கணினி, பக்கத்தில் தொங்கும் எஸ்எஸ்டி, ஓடும் ரயில். கேபிள் ஒரு முறை நழுவினாலே எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டுவிடும்.