யமஹா ஆர்டி350, ஆர்எக்ஸ்100 பைக்குகள்: எந்த ஆல்டரேஷன் விலையைக் கெடுக்கும், எது கெடுக்காது?

ஆல்டர் பண்ணின பழைய வண்டிக்கு விலை போகாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. வாங்க வருகிறவர் மனதுக்குள் போடுவது ஒரே கணக்கு: இதைக் கம்பெனி நிலைக்குத் திருப்ப முடியுமா, முடிந்தால் எவ்வளவு செலவாகும்?

ராஜ்தூத் 350-ஐ எடுத்துக்கொள்வோம். 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்டி350-ஐ இந்தப் பெயரில் இங்கே கொண்டுவந்தபோது ஜப்பான் வண்டியில் இருந்த முன் டிஸ்க் பிரேக் போய் டிரம் வந்தது. 347 சிசி இரட்டை சிலிண்டர், எச்டி (HT, ஹை டார்க்) மாடலில் 30.5 குதிரைத்திறன், அதை அந்த டிரம்மை நம்பி விரட்டுவது உண்மையிலேயே பயம்தான். அதனால் டிஸ்க் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், உயிர் முக்கியம். ஆனால் கழற்றிய பழைய ஃபோர்க், முன் சக்கரம், பிரேக் பிளேட் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வைத்து வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் விலை பெரிதாகக் குறையாது, காயலான் கடையில் போட்டிருந்தால் வாங்குபவர் அதையெல்லாம் தேடி அலையும் செலவை முன்கூட்டியே கழித்துத்தான் கேட்பார். சைலன்சரும் அப்படியே. எக்ஸ்பான்ஷன் சேம்பர் (வேகத்துக்காக மாட்டும் வயிறு பெருத்த சைலன்சர்) மாட்டிய வண்டி கேட்க எவ்வளவு சுகமாக இருந்தாலும், பரணில் கிடக்கும் ஒரிஜினல் ஜோடி சைலன்சர்தான் பேரத்தில் உங்களுக்குக் கை கொடுக்கும்.

பிளக்கில் பொறி வரவைக்கும் பழைய பிளாட்டினம் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது? தாராளமாகப் போடலாம். கவருக்குள் இருப்பது வெளியே தெரியாது, ஸ்டார்ட்டிங் சுத்தமாக இருக்கும், வாங்குபவருக்கும் அது பிடிக்கும்.

இதற்கு நேர் எதிர்முனை, ஆர்எக்ஸ்100-ஐ கஃபே ரேசர் ஆக்குவது, அதாவது பழைய ரேஸ் பைக் தோற்றத்துக்கு மாற்றுவது. சேஸின் பின்பகுதியை வெட்டி, வளையம் பற்றவைத்து, பிராக்கெட்டுகளை கிரைண்டரில் சீவியபிறகு திரும்பி வர வழியே இல்லை. 1985 முதல் 1996 வரை மட்டுமே வந்த வண்டி அது, வெட்டிய ஒவ்வொன்றும் கணக்கில் ஒன்று குறைந்ததுதான். அழகாகச் செய்திருந்தாலும் உங்கள் ரசனையே உள்ள ஒருவர் வந்தால்தான் விற்கும், அவரும் நீங்கள் கொட்டிய பணத்தைத் தர மாட்டார்.

எஞ்சினில் கை வைப்பது இந்த இரண்டு முனைக்கும் நடுவில் வரும், ஆனால் நஷ்டத்தின் பக்கம் சாய்ந்து. போர்ட்டிங்கில், அதாவது சிலிண்டரின் துளைகளைப் பெரிதாக்கும்போது, அரைத்தெடுத்த உலோகத்தை யாராலும் திருப்பி வைக்க முடியாது. ஆர்எக்ஸ்100-இல் ஆர்எக்ஸ்135-இன் பெரிய சிலிண்டரைப் போட்டிருந்தால் ஆர்சியில் இருக்கும் 98 சிசி-க்கும் எஞ்சினுக்கும் பொருந்தாது. இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலைத் தானாக ஊட்டும் பம்பை அடைத்துவிட்டு, ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டுகிற பழக்கம் நம்மூரில் சகஜம், வேலை செய்யும் ஒரிஜினல் பம்ப் இருந்தால் வாயைத் திறந்து சொல்லிக் கேளுங்கள், விவரம் தெரிந்தவர் அதற்குத் தனியாக மதிப்புக் கொடுப்பார்.

பெயின்ட் விஷயத்தில்தான் சண்டை அதிகம். தினமும் ஓட்ட வாங்குகிறவருக்குப் புதுப் பளபளப்பு வேண்டும். சேர்த்து வைக்கிறவரோ மங்கிப்போன கம்பெனி பெயின்ட்டையும் பழைய ஸ்டிக்கரையும் பார்த்ததும் விலையை ஏற்றுவார், காரணம் அதன் அடியில் துருவையும் பட்டியையும் ஒளிக்க முடியாது. நானும் அந்தக் கட்சிதான். டேங்க் ஓட்டையாகாதவரை தொடாதீர்கள்.

சரி, ஆல்டர் செய்தே மதிப்பு ஏறிய வண்டி இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தில் நார்ட்டன் சேஸில் டிரையம்ப் எஞ்சின் வைத்துக் கட்டிய ட்ரைட்டனில், 1960களிலேயே நல்ல கையால் கட்டப்பட்டவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அது அந்தக் காலத்து வேலை, நேற்று வெல்டிங் கடையில் செய்தது அந்தக் கணக்கில் வராது.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி ஆர்சியில் உள்ளதிலிருந்து அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விழலாம். எஃப்சி, பெயர் மாற்றம் எல்லாவற்றிலும் இது வந்து நிற்கும் என்பதால் கவனமான ஆள் வெட்டிய வண்டியை வாங்கவே யோசிப்பார். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதியோ 50 வயது தாண்டிய, சேஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான். 1960களில் மைசூரில் செய்த ஜாவாக்கள் அந்த வயதை எப்போதோ தொட்டுவிட்டன, முதல் ராஜ்தூத் 350கள் 2033இல் தொடும்.