எம்பிராய்டரி போட்ட குயில்ட்: மூன்று வழிகளில் எது யாருக்கு?

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த போர்வைதான் குயில்ட். எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் அதைத் தைக்க உட்கார்ந்தால் முதலில் தேடுவது டிசைனைத்தான். பூவா, யானையா, குழந்தையின் பெயரா என்று. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எம்பிராய்டரி எந்த நேரத்தில் விழப்போகிறது என்பது. மேல்துணியின் சதுரங்களில் மட்டும் போட்டுவிட்டு, அப்புறம் பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைப்பது ஒரு வழி. ஒவ்வொரு சதுரத்தையும் பஞ்சோடு சேர்த்து, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமான ஹூப்புக்குள்ளேயே முடித்துக் கடைசியில் இணைப்பது இன்னொன்று. மூன்று அடுக்கையும் முழுப் போர்வையாக அடுக்கிய பிறகு, எம்பிராய்டரியையே அடுக்குகளைப் பிணைக்கும் குயில்ட் தையலாக ஓடவிடுவது மூன்றாவது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். படுக்கையில் போட்டு, துவைத்து, மறுபடியும் போடப்போகிற போர்வை என்றால் முதல் வழிதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

முதல் வழியில் எம்பிராய்டரி ஒற்றைத் துணியில் விழுகிறது. ஹூப்பில் மாட்டுவது சுலபம். ஒரு சதுரம் கெட்டுப்போனால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று போடலாம், போர்வைக்கு ஒன்றும் ஆகாது. பின்பக்க நூல் முடிச்சுகள் எல்லாம் பஞ்சுக்குள் மறைந்துவிடும், உடம்பில் உரசாது. துணியை மட்டும் தாராளமாக வெட்ட வேண்டும். முடிந்த சதுரம் 8 இன்ச் என்றால் தையலுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் சேர்த்து எட்டரை போதும் என்று தோன்றும். வெட்டுவது 11 இன்ச்சாவது இருக்கட்டும். ஊசி ஆயிரக்கணக்கில் குத்தும்போது துணி உள்ளே இழுபட்டுச் சுருங்கும். எம்பிராய்டரி முடிந்து, ஒரு டவல் மேல் கவிழ்த்துப்போட்டு அயர்ன் செய்த பிறகுதான், டிசைனின் நடுப்புள்ளியிலிருந்து அளந்து எட்டரைக்கு நறுக்க வேண்டும். முதலிலேயே அளவாக வெட்டினால் ஒவ்வொரு சதுரமும் ஒவ்வோர் அளவில் வந்து நிற்கும்.

இனி அந்த நிபந்தனை. டிசைன் அடர்த்தியாக இருக்கக் கூடாது. இணையத்தில் விற்கிற டிசைன்களில் பல சட்டைக்கும் பைக்கும் போட்டவை. உள்ளே முழுக்க நூலால் நிரப்பியிருக்கும். அதைக் குயில்ட்டில் வைத்தால் இரண்டு தொல்லை. பேட்டிங் எனும் நடுப்பஞ்சை எத்தனை இன்ச்சுக்கு ஒரு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும் என்று அதன் உறையிலேயே எழுதியிருக்கும். சில பருத்திப் பஞ்சுக்கு 3, 4 இன்ச்தான், சிலவற்றுக்கு 8, 10 இன்ச் வரை போகலாம். நெருக்கமாக நிரப்பிய 7 இன்ச் மயில் மேல் குயில்ட் தையல் போட முடியாது, ஊசி வளையும், நூல் அறும். சுற்றி மட்டும் தைத்தால் நடுவில் 7 இன்ச் அகலத்துக்குப் பஞ்சு பிடிப்பில்லாமல் கிடக்கும். 4 இன்ச்சுக்கு ஒரு தையல் கேட்கிற பஞ்சாக இருந்தால் சில முறை துவைத்ததுமே அது நகர்ந்து கட்டிக்கொள்ளும். இரண்டாவது தொல்லை சுருக்கம். பருத்தித் துணியும் பருத்திப் பஞ்சும் துவைத்தால் சுருங்கும், குயில்ட்டுக்கு அந்த அழகான சுருக்கங்கள் வருவதே அதனால்தான். பாலியெஸ்டர் நூலால் கெட்டியாக நிரப்பிய இடம் சுருங்காது. அது மட்டும் தகடு மாதிரி விறைத்து நிற்கும்.

அதனால் எனக்குப் பிடித்தது வெறும் கோட்டு டிசைன். ஒரே நிறம், ஓட்டுத் தையல், உள்ளே நிரப்பாதது. இதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய மரபே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் கோட்டுப் படங்கள் தைத்து, சதுரங்களை இணைத்துப் போர்வையாக்கினார்கள். ரெட்வொர்க் என்று பெயர். ஏன் சிவப்பு? டர்க்கி ரெட் என்ற சாயம் துவைத்தாலும் வெள்ளையில் இறங்காது, அதுதான். இன்றைய பாலியெஸ்டர் நூலில் எல்லா நிறமும் நிற்கும், நீலத்திலும் செய்யலாம், பச்சையிலும் செய்யலாம். மெஷினுக்கும் சுகம், நூல் மாற்ற எழுந்திருக்க வேண்டாம். கோட்டு டிசைனுக்குக் கீழே கெட்டியான ஸ்டெபிலைசரும் (துணி இழுபடாமல் அடியில் வைக்கும் தாங்கு தாள்) தேவையில்லை. மெல்லிய மெஷ் வகை ஒன்று வைத்து, முடிந்ததும் ஓரத்தை நறுக்கிவிடலாம்.

இரண்டாவது வழியைப் பற்றி ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் ஆசைப்படுவார்கள், காரணமும் உண்டு. எங்கே துணியை வைக்க வேண்டும் என்று மெஷினே முதலில் கோடு போட்டுக் காட்டும். நாம் துண்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அது தைக்கும், நாம் திருப்பிப் போட வேண்டும். முக்கோணத் துண்டுகளின் முனைகூடத் துல்லியமாக வரும். பஞ்சு மேல் போட வேண்டிய குயில்ட் கோடுகளும் அப்போதே முடிந்துவிடும்.

சிக்கல் ஹூப் அளவில் இருக்கிறது. ஆரம்ப நிலை மெஷின்களில் பலவற்றுக்கு 100க்கு 100 மில்லிமீட்டர்தான். நான்கு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. தையலுக்கு விட்டது போக மூன்றரை இன்ச் சதுரம் கிடைக்கும். 60க்கு 90 இன்ச் கட்டில் போர்வைக்குக் குறுக்கே 17, நெடுக்கே 26, மொத்தம் 442 சதுரம்! 200 மில்லிமீட்டர் ஹூப் இருந்தால் 7 இன்ச் சதுரமாக 9க்கு 13, அதாவது 117. சதுரத்துக்கு 12,000 தையல் என்று வையுங்கள், நிமிடத்துக்கு 600 என்று மெஷின் ஓடினால் 20 நிமிடம், 117-க்கு 39 மணி நேரம். ஹூப் மாட்டுவதும் நூல் மாற்றுவதும் இதில் சேரவில்லை. பிறகு இணைக்கும்போது பஞ்சு தையலுக்குள் மாட்டினால் ஒவ்வோர் இணைப்பும் வரப்பு மாதிரி புடைக்கும். தையலுக்கு விட்ட இடத்துப் பஞ்சை ஒவ்வொரு சதுரத்திலும் நறுக்கியெடுக்க வேண்டும். குஷன் உறை, மேஜை விரிப்பு, கைப்பை என்றால் இந்த வழிக்கு நிகரில்லை. முழுப் போர்வைக்கு வேண்டாம்.

மூன்றாவது வழியின் கவர்ச்சி வேறு. சாதாரண மெஷினில் துணியைக் கையால் நகர்த்தி வளைவுகள் தைப்பது பழக நாளாகும். எம்பிராய்டரி மெஷின் அந்த வளைவுகளை அச்சடித்தது போலப் போட்டுத்தரும். 7½க்கு 10½ இன்ச் டிசைன் என்றால் அதே போர்வைக்கு ஏறத்தாழ 72 முறை ஹூப் மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் போன டிசைன் முடிந்த புள்ளியில் இது தொடங்க வேண்டும்; காகிதத்தில் டிசைனை அச்சிட்டு வைத்து ஒட்டித்தான் அதைப் பிடிக்க முடியும். போர்வை மேஜையிலிருந்து தொங்கினால் அந்தக் கனமே ஹூப்பை இழுத்துக் கோட்டைக் கோணலாக்கும். பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு முழுத் துணியையும் தாங்க வேண்டும். திருகு ஹூப்பில் மூன்று அடுக்கை அமுக்குவது கைக்குத் தண்டனை, காந்த ஹூப் இருந்தால் மட்டும் இதை நினையுங்கள். 75-ஆம் எண் ஊசி போதாது, அதைவிடத் தடித்த 90 போடுங்கள். அடிநூல் சுற்றும் பாபினிலும் மேல் நூலின் நிறமே இருக்கட்டும், அடிப்பக்கம் வெளியே தெரியும். தொட்டில் போர்வை அளவுக்கு இது நல்ல வழி. அதற்கு மேல் போனால், சாதாரண மெஷினில் அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்டி நேர்க்கோடு ஓட்டுவது சீக்கிரம் முடியும், பார்க்கவும் குறைவாக இருக்காது.

பழைய புடவையை நடுவில் வைத்துக் குழந்தைக்குப் போர்வை தைப்பது நம் வீடுகளில் உண்டு. நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் நைந்த புடவையையே மேல்துணியாகவும் வைத்து எம்பிராய்டரி போட வேண்டாம். நெருக்கமான ஊசிக் குத்தல் ஓட்டை வரிசை மாதிரி அமைந்து, அந்தக் கோட்டிலேயே துணி கிழியும்.

சொந்த மெஷின் இல்லாதவர்களுக்கும் முதல் வழி திறந்தே இருக்கிறது. பிளவுஸுக்குப் போடுகிற கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் சதுரங்களைப் போட்டு வாங்கலாம். தையல் எண்ணிக்கையை வைத்துக் கூலி சொல்லும் கடையில் கோட்டு டிசைனுக்குச் செலவும் குறையும். துணியைச் சதுரமாக வெட்டாமல், நீளத் துண்டாகவே நடுப்புள்ளிகளைக் குறித்துக் கொடுங்கள். நீரில் அழியும் நீலப் பேனாவால் குறித்தால், கோடு போகும்வரை அயர்ன் பெட்டி படக்கூடாது, சூடு பட்டால் கறை நின்றுவிடும். கடை மெஷின்கள் பெரும்பாலும் டி.எஸ்.டி. என்ற வகை டிசைன் ஃபைல் கேட்கும். அதில் நிறத் தகவல் இருக்காது, எந்த இடத்தில் நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். ஒன்றுக்கு மேல் நிறம் இருந்தால் வரிசையை ஒரு தாளில் எழுதித் துணியோடு குத்திக் கொடுத்துவிடுங்கள்.