தஞ்சாவூரில் என் மகள் படிக்கும் பரதநாட்டிய வகுப்பு

பிள்ளையை நாட்டியத்தில் சேர்ப்பதாக இருந்தால், சொல்லித்தருகிறவர் யாரிடம் கற்றார், எவ்வளவு காலம் கற்றார் என்று முதலில் கேளுங்கள். முன்பு நாங்கள் அனுப்பிய ஓர் இடத்தில் அரைமண்டியில் (முட்டிகளை வெளிப்பக்கம் விரித்துப் பாதி உட்கார்ந்த நிலை) ஒழுங்காக உட்காரத் தெரியாத குழந்தைகளை ஆண்டு விழாவுக்கு சினிமாப் பாட்டில் ஆடவிட்டு, உடைக்கும் மேக்கப்புக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்கள்.

இப்போது போகிற வகுப்பு ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. நடத்துபவர் இருபதுகளில் இருக்கும் இளம் நாட்டியக் கலைஞர், பிள்ளைகளுக்கு அவர் 'அக்கா'. சிறு வயதிலிருந்து ஒரே குருவிடம் பந்தநல்லூர் பாணியில் பயின்றவர், ஆட்டத்துக்குத் தாளம் போட்டு நடத்தும் நட்டுவாங்கமும் தனியாகக் கற்றிருக்கிறார், அதனால் தாளம் தட்டும் தட்டுக்கழி அவர் கைக்கு வந்தால் தாளம் பிசகுவதே இல்லை. அடவுகளில், அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளில், முதலில் வரும் தட்டடவை மட்டும் மாதக்கணக்கில் போடவைப்பார். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், முட்டி பக்கவாட்டில் விரிந்து நின்றால்தான் அடுத்த அடவு. என் மகளுக்கு ஆரம்பத்தில் சலிப்புத்தான், ஆனால் இன்று கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பில் அவள் நிற்கிற நிலையைப் பார்க்கும்போது அத்தனை 'தையா தை'யும் வீண் போகவில்லை என்று தெரிகிறது.

அப்புறம் அவருடைய படிப்பு, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான். முதுகலை வரலாறு படிக்கிறார், நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆட்ட அசைவுகளான கரணங்களைக் காட்டும் சிற்பங்கள் என்றால் உயிர். நம் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களுக்கு இடம் விட்டு 81 மட்டும் செதுக்கியிருக்கிறார்கள், மேலே நம்மை விடமாட்டார்கள் என்பதால் படங்களைக் காட்டி, "இந்தக் கால் நாம போடுற எந்த அடவுல வருது?" என்று பிள்ளைகளிடமே கேட்கிறார். சிதம்பரம் கோபுர வாசலில் 108-உம் அவற்றை விளக்கும் சுலோகத்தோடு இருக்கின்றன, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். அலாரிப்பில் தொடங்கி, நடுவில் வரும் நீண்ட உருப்படியான வர்ணம் வழியாகத் தில்லானாவில் முடிகிற கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்திய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் இதே ஊரின் மராட்டிய அரசவையில் இருந்தவர்கள் என்று என் மகள் வீட்டுக்கு வந்து பாட்டிக்குப் பாடம் எடுக்கிறாள். தேவதாசிகள் காப்பாற்றிக் கொடுத்த கலை இது என்பதையும் மறைக்காமல், குழந்தைகளுக்குப் புரிகிற அளவில், மரியாதையோடு சொல்கிறார். பல வகுப்புகளில் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தரை வெறும் சிமெண்ட். குதித்து ஆடும் அடவுகளை அவர் குறைத்துத்தான் தருகிறார், இருந்தாலும் வளர்கிற முட்டிகளுக்கு மரத்தளம் போட்டால் நல்லது, நேரிலும் சொல்லியிருக்கிறேன். அவருக்குத் தேர்வு வந்தால் வகுப்பு தள்ளிப்போகும், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஈடுகட்டிவிடுவார். சீக்கிரம் அரங்கேற்றம் வேண்டும் என்கிற பெற்றோருக்கு இந்த இடம் சரிவராது.

கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க விடுவார், சனிக்கிழமை மாலை போனால் பெரிய பிள்ளைகள் வர்ணம் பயிற்சி செய்வதையும் பார்க்கலாம்.